கையெழுத்துப் போட்டால் பொறுப்பு போய்விடுமா?

சக்கரம் பூட்டிய சிறு பலகையின் மேல் நின்று, சரிவில் இறங்கி, துள்ளித் திரும்பும் ஸ்கேட்போர்டு விளையாட்டு நம் வீட்டுப் பிள்ளைகளையும் பிடித்துக்கொண்டு விட்டது. 2021-இல் டோக்கியோவில் நடந்த ஒலிம்பிக்கில் இந்த விளையாட்டு முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. அதில் மகளிர் பிரிவு ஒன்றில் தங்கம் வென்ற ஜப்பான் சிறுமிக்கு வயது 13. மாமல்லபுரத்தில் பலகை ஏறிய ஒரு சிறுமியைப் பற்றி ‘கமலி’ என்ற ஆவணப்படம் 2019-இல் வெளிவந்து வெளிநாடுகளில் பேசப்பட்டது. பெங்களூரில் இதற்கென்றே கட்டணம் வாங்கும் மைதானங்கள் உள்ளன.

விளையாட்டை நாம் வரவேற்கிறோம். ஆனால் இப்படிப்பட்ட இடங்களின் வாசலில் நீட்டப்படும் ஒரு காகிதத்தைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

அடுகோடியிலிருந்து ஒரு தகப்பனார் ஞாயிற்றுக்கிழமை பிள்ளையை அழைத்துக்கொண்டு போகிறார் என்று வைத்துக்கொள்வோம். வாரத்தில் ஆறு நாள் ஷிப்டு வேலை பார்ப்பவர். பணம் கட்டியதும் ஒரு படிவம் தருகிறார்கள். முழுவதும் ஆங்கிலம், எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்து. பின்னால் வரிசை நிற்கிறது. பையன் கையைப் பிடித்து இழுக்கிறான். ‘சும்மா ஒரு ஃபார்மாலிட்டிதான் சார்’ என்கிறார் கவுண்டரில் இருப்பவர். தகப்பனார் கையெழுத்துப் போடுகிறார்.

அந்தப் படிவத்தில் என்ன இருக்கிறது? இங்கே காயம் ஏற்பட்டாலும், உயிரே போனாலும், நிர்வாகம் பொறுப்பல்ல. வழக்குப் போட மாட்டேன் என்று அவரே எழுதிக் கொடுத்ததாக இருக்கிறது.

இப்படி எழுதி வாங்கிவிட்டால் பொறுப்பு போய்விடுமா? போகாது என்பதே நம் கருத்து. சட்டத்தின் போக்கும் அதுவே.

முதலாவது, 18 வயது நிரம்பாத பிள்ளை போடும் கையெழுத்துக்கு ஒப்பந்தம் என்ற மதிப்பே கிடையாது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தை வைத்து, மைனர் செய்யும் ஒப்பந்தம் அடியோடு செல்லாது என்று 1903-இலேயே பிரிவி கவுன்சில் தீர்ப்புக் கூறிவிட்டது. பெற்றோர் போடும் கையெழுத்து, ஆபத்தை அறிந்துதான் பிள்ளையை அனுப்பினார்கள் என்பதற்குச் சாட்சியாகலாம். ஆனால் காப்பாளர் என்பவர் பிள்ளையின் நன்மைக்காகச் செயல்பட வேண்டியவர். பிள்ளையின் உரிமையை முன்கூட்டியே தாரை வார்ப்பது எந்த நன்மையில் சேரும்?

இரண்டாவது, பலமுள்ளவர் அச்சடித்து நீட்டும் படிவத்தில் பலமில்லாதவர் வேறு வழியின்றிக் கையெழுத்திட்டால், அதிலுள்ள அநியாயமான ஷரத்து செல்லாது என்று 1986-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் கூறியது. ‘பிடிக்காவிட்டால் விளையாடாமல் போகலாமே’ என்று சிலர் கேட்கலாம். அடுத்த இடத்திலும் அதே காகிதம்தான் நீட்டப்படுகிறது என்னும்போது, எங்கே போவது? 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலும் ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்று ஒரு பிரிவு இருக்கிறது. அப்படிப்பட்ட ஷரத்தை எதிர்த்து மாநில நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம்.

மூன்றாவது, கவனக்குறைவால் மரணம் விளைவிப்பது குற்றம். முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 304-ஏ பிரிவில் இருந்தது. 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆவது பிரிவில் இருக்கிறது. குற்ற வழக்கை நடத்துவது அரசு. இரண்டு தனி மனிதர்கள் தங்களுக்குள் எழுதிக்கொண்ட காகிதம் அதைத் தடுக்க முடியாது.

ரயில்வே பார்சல் ஆபீசோடு பழகியவர்களுக்கு ‘ஓனர்ஸ் ரிஸ்க்’ என்ற வார்த்தை தெரிந்திருக்கும். குறைந்த கட்டணத்தில், சொந்தக்காரர் பொறுப்பில் சரக்கை அனுப்பும் முறை அது. வழியில் சேதமானால் ரயில்வே பொறுப்பல்ல. ஆனால் 1989-ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம் 97-ஆவது பிரிவில் ஒரு விலக்கு வைத்திருக்கிறது. ரயில்வேயின் அல்லது அதன் ஊழியர்களின் கவனக்குறைவால் சேதம் வந்தது என்று நிரூபித்தால், ஓனர்ஸ் ரிஸ்க் என்று எழுதியிருந்தாலும் ரயில்வே பதில் சொல்ல வேண்டும். ஒரு மூட்டை வெங்காயத்துக்கு இருக்கும் இந்தப் பாதுகாப்பு நம் பிள்ளையின் தலைக்கும் முதுகெலும்புக்கும் இருக்க வேண்டாமா?

குஜராத் மாநிலம் ராஜ்கோட்டில் 2024 மே 25-ஆம் தேதி ஒரு விளையாட்டுக் கூடத்தில் தீப்பிடித்துக் குழந்தைகள் உட்பட 27 பேர் மாண்டார்கள். கோடை விடுமுறை, வார இறுதி, சலுகைக் கட்டணம். கூட்டம் நிரம்பி வழிந்தது. தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்றிதழ் அந்தக் கூடத்துக்கு இல்லை. ஆனால் காயத்துக்கும் மரணத்துக்கும் நிர்வாகம் பொறுப்பல்ல என்று வந்தவர்களிடம் கையெழுத்து வாங்கும் படிவம் மட்டும் இருந்ததாகப் பத்திரிகைகளில் வெளியாயிற்று. எடுத்திருக்க வேண்டிய சான்றிதழை எடுக்கவில்லை. கேட்கக் கூடாத கையெழுத்தைக் கேட்டு வாங்கினார்கள். அந்தக் காகிதம் அவர்களைக் காப்பாற்றவில்லை. கூடத்தை நடத்தியவர்கள் கைதானார்கள்; உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது.

மறுபக்கத்தையும் பார்ப்பது நேர்மை. ஸ்கேட்போர்டில் விழாமல் பழகியவர் எவரும் இல்லை. முழங்கால் சிராய்ப்பதும், சில வேளை கை முறிவதும் அந்த விளையாட்டோடு பிறந்தவை. அதற்கெல்லாம் நடத்துகிறவர் கழுத்தில் கயிறு போட்டால் யாரும் மைதானம் நடத்த முன்வர மாட்டார்கள். பிறகு பிள்ளைகள் எங்கே போவார்கள்? லாரியும் பஸ்ஸும் பறக்கும் ஓசூர் ரோட்டுக்குத்தான். ஆகவே விளையாட்டின் இயல்பான ஆபத்து விளையாடுகிறவரைச் சேர்ந்தது என்பதை ஒப்புக்கொள்கிறோம். சரிவில் விரிசல் விட்டுப் போனதும், ஆணி நீட்டிக்கொண்டு நிற்பதும், பழகாத பிள்ளையைக் கவசமின்றி உயரத்தில் ஏற்றிவிடுவதும் விளையாட்டின் இயல்பல்ல. அவை நடத்துகிறவரின் குற்றம்.

இந்தக் கோட்டை வெளிநாடுகளில் தெளிவாகவே போட்டிருக்கிறார்கள். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 1998 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், ஸ்கேட்போர்டு விளையாட்டை ஆபத்தான விளையாட்டு என்று வகைப்படுத்தி, பொது மைதானம் அமைக்கும் உள்ளாட்சிகளுக்கு வழக்கிலிருந்து பாதுகாப்புக் கொடுத்தது. சும்மா கொடுக்கவில்லை. தலைக்கவசம், முழங்கை உறை, முழங்கால் உறை கட்டாயம் என்று பலகை வைக்க வேண்டும். தெரியவரும் காயங்களைப் பதிவு செய்ய வேண்டும். பராமரிப்பில் தவறினால் பொறுப்பு பொறுப்புத்தான். இங்கிலாந்திலோ, கவனக்குறைவால் வரும் மரணத்துக்கும் உடல் காயத்துக்கும் உள்ள பொறுப்பை எந்த அறிவிப்பாலும் ஒப்பந்தத்தாலும் தட்டிக்கழிக்க முடியாது என்று 1977-இலேயே சட்டம் செய்தார்கள். 2015-ஆம் ஆண்டின் சட்டத்திலும் அது தொடர்கிறது.

நம் நாட்டில் பொறுப்பைப் பல சட்டங்களில் தேடிக் கூட்டிக் கழித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. அது வக்கீலுக்குத் தெரியும். அடுகோடித் தகப்பனாருக்குத் தெரியாது. இந்தப் படிவத்தால் வரும் பெரிய தீங்கு இதுதான். நீதிமன்றத்தில் செல்லாத காகிதம் வீட்டில் செல்லுகிறது. ‘நாமே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டோமே’ என்று பெற்றோர் வாயடைத்து ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கடன் வாங்குகிறார்கள். விரிசல் விட்ட சரிவு அப்படியே கிடக்கிறது, அடுத்த பிள்ளைக்காக.

கர்நாடக அரசும், 2025-இல் ஐந்தாகப் பிரிக்கப்பட்ட பெங்களூர் மாநகராட்சிகளும் செய்ய வேண்டியவை அதிகமில்லை. இப்படிப்பட்ட இடங்களுக்கு உரிமம் கொடுக்கும்போது, படிவம் கன்னடத்திலும், அங்கு வருவோர் படிக்கும் மொழியிலும் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும் என்று நிபந்தனை போடலாம். ‘எங்கள் கவனக்குறைவுக்கு நாங்களே பொறுப்பு’ என்ற ஒரு வரியைக் கட்டாயமாக்கலாம். கவசம், முதலுதவிப் பெட்டி, பயிற்சி பெற்ற ஆள், காயப் பதிவேடு, காப்பீடு ஆகியவை இல்லாத இடத்துக்கு உரிமம் இல்லை என்று சொல்லலாம். காப்பீட்டின் செலவை நுழைவுக் கட்டணத்தில் சேர்த்து வாங்கினாலும் பெற்றோர் முணுமுணுக்க மாட்டார்கள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். புரியாவிட்டால் படித்துச் சொல்லச் சொல்லுங்கள், வரிசை காத்திருக்கட்டும். படிவத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். பிள்ளையை விடுமுன் தரையை ஒரு முறை சுற்றிப் பாருங்கள். அசம்பாவிதம் நேர்ந்தால் அந்த இடத்தைப் படம் எடுத்து, ரசீதையும் மருத்துவச் சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலும் பேசலாம். நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்ய இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு.

விழுந்த பிள்ளை எழுந்து மறுபடி பலகை ஏற வேண்டும். அதற்குத் தேவை நல்ல தரையும் கவனிக்கும் கண்ணும். கையெழுத்தை வாங்கி மேஜையில் பூட்டி வைத்துக்கொள்வதால் எவருடைய கடமையும் தீர்ந்துவிடாது.