முதலாளி பேசும் இங்கிலீஷ்

பிரிட்டிஷ் பத்திரிகைகளில் அடிக்கடி ஒரு புலம்பல் கிளம்பும். சாமானிய ஜனங்கள் இங்கிலீஷைக் கெடுத்துவிட்டார்களாம். வாக்கியத்துக்கு வாக்கியம் ‘யூ நோ’ என்கிறார்களாம். வாலிபர்கள் நடுநடுவே ‘லைக்’, ‘லைக்’ என்று செருகுகிறார்களாம். லண்டன் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் எதைச் சொன்னாலும் கடைசியில் ‘இன்னிட்’ போடுகிறார்களாம். கேட்கக் காது கூசுகிறதாம், கனவான்களுக்கு!

கூசட்டும். நம் வயல் வரப்பில் பேசுகிறவர்கள் ‘வந்து’, ‘அதாவது’, ‘நான் சொல்றது சரிதானே’ என்று இடையில் போடுவதில்லையா? அடுத்த வார்த்தையைப் பிடிக்க ஒரு விநாடி வேண்டும்; எதிரே இருப்பவன் காது கொடுக்கிறானா என்றும் தெரிய வேண்டும். ‘யூ நோ’ என்றால் ‘உனக்குத் தெரியுமே’. ‘இன்னிட்’ என்றால் ‘இல்லையா’. அளவு மீறினால் எரிச்சல்தான், வாஸ்தவம். அதனால் எவன் வீட்டு அடுப்பும் அணைந்ததில்லை.

அடுப்பை அணைக்கிற இங்கிலீஷ் வேறு. அது கம்பெனிக் காகிதத்தில் அச்சாகி வருகிறது. அதைக் கேலி செய்கிற கனவான்களும் உண்டு. ஆனால் கேலியோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

அமெரிக்கக் கம்பெனி ஆளை வேலையிலிருந்து நீக்கினால் நீக்கினோம் என்று சொல்லக் கூசும். ‘லெட் கோ’ என்னும். அதாவது, போக விட்டார்களாம். போகிறேன் என்று தொழிலாளி எப்போது கேட்டான்? கூட்டமாக நீக்கினால் ‘டவுன்சைஸிங்’, அளவைக் குறைத்தல். அந்தச் சொல்லும் நாறிப்போகவே ‘ரைட்சைஸிங்’, சரியான அளவாக்குதல், என்று மாற்றிக்கொண்டார்கள். அப்படியானால் நேற்றுவரை உழைத்தவன் தப்பான அளவா?

‘லே-ஆஃப்’ நம் மில் தொழிலாளர் அறிந்த சொல். இங்கே சட்டத்தில் அதற்குத் தற்காலிகமாக வேலை கொடுக்காதிருப்பது என்று பொருள். ஆளின் பெயர் பதிவேட்டில் இருக்கும். அமெரிக்காவிலும் ஆதியில் அப்படித்தான். இப்போது அங்கே ஒரேயடியாக வீட்டுக்கு அனுப்புவதற்கும் அதே பெயர்.

செய்தவனை மறைத்துப் பேசுவது இன்னொரு பழக்கம். ஈரானுக்கு ஆயுதம் விற்ற விவகாரம் வெடித்த பின், 1987 ஜனவரியில் அமெரிக்க ஜனாதிபதி ரீகன், தவறுகள் ‘செய்யப்பட்டன’ என்றார். யாரால்? அது வாக்கியத்தில் இல்லை. கம்பெனி நோட்டீசுக்கும் இதே இலக்கணம்தான். ‘முடிவு எடுக்கப்பட்டது’ என்று போடுவார்கள். முடிவு தானே நடந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்ததோ?

பெயர் சூட்டுவதிலும் சூது உண்டு. வால்மார்ட் கம்பெனி தன் கடைத் தொழிலாளியை ‘அசோசியேட்’, அதாவது கூட்டாளி, என்று அழைக்கிறது. கூட்டாளியின் கூலியை நிர்ணயிப்பது யார் என்று கேட்கக் கூடாது! ஊபர் டாக்சிக் கம்பெனி பிரிட்டனில் டிரைவர்களைப் ‘பார்ட்னர்’ என்றது. நீங்கள் சொந்தத் தொழில் நடத்துகிறீர்கள், நாங்கள் வெறும் ஏஜெண்டு என்று ஒப்பந்தத்தில் எழுதியது. சொந்தத் தொழில்காரனுக்குக் குறைந்தபட்சக் கூலி ஏது, சம்பளத்தோடு லீவு ஏது? அந்த ஒரு சொல்லில் இத்தனையும் போயிற்று.

டிரைவர்கள் வழக்காடினார்கள். 2016இல் லண்டன் தொழில் நீதிமன்றம், கம்பெனியின் பாஷை திரிக்கப்பட்ட பாஷை என்று சொல்லி டிரைவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. கம்பெனி அப்பீலுக்கு மேல் அப்பீல் போயிற்று. 2021 பிப்ரவரி 19ந் தேதி பிரிட்டிஷ் சுப்ரீம் கோர்ட்டும் அதையே உறுதி செய்தது. காகிதத்தில் என்ன பெயர் என்று பார்த்து அது முடிவு செய்யவில்லை. கட்டணத்தை நிர்ணயிப்பது யார், டிரைவரை அடக்கி வைப்பது யார் என்று பார்த்தது. இவர்கள் தொழிலாளர்கள் என்றது.

அடுத்த மாதமே, 70,000க்கு மேற்பட்ட டிரைவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலியும் சம்பளத்தோடு லீவும் தருவதாகக் கம்பெனி அறிவித்தது. அதிலும் ஒரு கொக்கி. சவாரியை ஏற்றுக்கொண்டதிலிருந்து இறக்கிவிடும் வரைதான் கூலிக்குக் கணக்கு என்றது. சவாரிக்குத் தயாராகக் காத்துக் கிடக்கும் நேரமும் வேலை நேரமே என்று கோர்ட் சொல்லியிருந்தது. ஆகவே, ‘வேலை நேரம்’ என்றால் என்ன என்று அடுத்த தகராறு கிளம்பிற்று.