பெறுபேற்றுக்கு அப்பால் பிள்ளையின் மனதையும் பார்ப்போம்

தரம் 5 புலமைப்பரிசில் பெறுபேறு வெளியானதும் ஊர்ச் சந்திகளில் பதாகைகளும் முகநூலில் வாழ்த்துகளும் நிறைந்துவிடுகின்றன. சித்தியடைந்த பிள்ளைகளை வாழ்த்துவதில் தவறில்லை. ஆனால் வருடாந்தம் சுமார் 3 இலட்சம் மாணவர்கள் தோற்றும் இப்பரீட்சையில், அண்மைய ஆண்டுகளில் வெட்டுப்புள்ளியைத் தாண்டியோர் ஐந்தில் ஒரு பங்கினரும் இல்லை. பதாகையில் படம் வராத மற்றப் பிள்ளைகளைப் பற்றியே நான் கவலைப்படுகிறேன்.

வசதியற்ற திறமைசாலிப் பிள்ளைகளுக்குக் கைகொடுக்கவே கன்னங்கரா காலத்தில் இத்திட்டம் வந்தது. இன்று அது குடும்பங்களின் கௌரவப் போட்டியாக மாறியிருக்கிறது. பாடசாலை, டியூஷன், குர்ஆன் மத்ரஸா என்று ஓடும் பத்து வயதுப் பிள்ளைக்கு விளையாட நேரமில்லை.

“எனக்கு மன அழுத்தம்” என்று அந்த வயதுப் பிள்ளை சொல்லத் தெரியாது. அதன் உடலும் நடத்தையுமே சொல்லும். பாடசாலை செல்லும் நேரத்தில் மட்டும் வயிற்றுவலி, தலைவலி வரும். தூக்கம் குழம்பும், சாப்பாடு குறையும். விட்டுப்போன படுக்கையில் சிறுநீர் கழிக்கும் பழக்கம் திரும்பவும் வரலாம். கலகலப்பான பிள்ளை ஒதுங்கிவிடும். அமைதியான பிள்ளை எரிந்து விழும். இத்தகைய மாற்றங்கள் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் அசட்டையாக இருக்கக் கூடாது. “நான் செத்துப்போனா நல்லம்” என்ற வார்த்தை வந்தால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

நாமோ இவற்றைச் சோம்பல், பிடிவாதம் என்கிறோம். இல்லாவிட்டால் கண்ணூறு, ஜின் என்கிறோம். ஓதிப் பார்ப்பதை நான் குறைகூறவில்லை. நோய்க்கு மருத்துவம் செய்யுமாறும் நமது மார்க்கம் கற்றுத் தந்திருக்கிறது. ஒன்றைச் செய்வதற்காக மற்றதை விட வேண்டியதில்லை. பெண் பிள்ளையென்றால் “நாளைக்குக் கலியாணம் பேசும்போது ஊர் என்ன சொல்லும்” என்ற பயமே பல வீடுகளில் வைத்தியரிடம் போவதைத் தடுக்கிறது.

மனநலப் பிரிவுகள் உள்ள அரச வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்நேரமும் அழைக்கலாம். பள்ளிவாசல் நிர்வாகங்கள் ஜும்ஆவுக்குப் பின் இந்த இலக்கத்தை அறிவித்தாலே பல பெற்றோர் பயனடைவர்.

பெறுபேறு வரும் நாளில் “எத்தனை புள்ளி?” என்று கேட்கும் முன், “மகன், உங்களுக்கு மனசு எப்படி இருக்கு?” என்று வாப்பாமார் கேட்கட்டும். பதிலைக் குறுக்கிடாமல் கேட்கட்டும்.