ஜாமீன் கையெழுத்துக்கு என்ன விலை?

உங்கள் வீட்டு இன்ஷூரன்ஸ் பாலிசியைக் கடைசியாக எப்போது பிரித்துப் படித்தீர்கள்? ரசீது வந்ததும் பீரோவில் வைத்துப் பூட்டுகிற ரகம்தான் நானும். போன மாதம் வேறெதையோ தேடப்போய் அது கையில் சிக்கியது. தீ, வெள்ளம், பூகம்பம் என்று நீளும் பட்டியலுக்குக் கீழே, பொடி எழுத்தில் ‘பயங்கரவாதம்’ என்று ஒரு வரி. பக்கத்தில் ஒரு தொகை. ஒருவேளை டிபன் செலவுதான்.

அந்தக் காசு போய்ச் சேருவது ஒரு பொது உண்டியலுக்கு. 2002 ஏப்ரலில் நம் ஊர் இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் சேர்ந்து ஆரம்பித்தது. நிர்வாகம் ஜி.ஐ.சி. வசம். 2008 மும்பைத் தாக்குதலில் சேதமான ஓட்டல்களுக்கு நஷ்டஈடு கொடுத்தது இந்த உண்டியல்தான். ‘ஜி.ஐ.சி.யில் பெரும்பங்கு அரசாங்கத்துடையதுதானே சார்?’ என்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால், உண்டியல் காலியானால் கஜானாவைத் திறந்துவிடுகிறோம் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

இப்போது அமெரிக்காவுக்கு வாருங்கள். சந்தையின் மகிமை பற்றி உலகத்துக்கே டியூஷன் எடுக்கிற தேசம்.

2001 செப்டம்பர் 11 வரை அங்கே பயங்கரவாதத்துக்கான காப்பீடு என்பது கொசுறு. கத்தரிக்காய் வாங்கினால் கறிவேப்பிலை தருவதுபோல, கட்டடத்துக்கு பாலிசி எடுத்தால் அதுவும் சேர்ந்தே வந்தது. தனியாக விலை கிடையாது. ஒரு பைசா பிரீமியம் வாங்காமல் இவ்வளவு பெரிய ஆபத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டோமே என்று வாரன் பஃபெட்டே தன் பங்குதாரர்களிடம் ஒப்புக்கொண்டார். இரட்டைக் கோபுரம் விழுந்ததும், மறுகாப்பீட்டுக் கம்பெனிகள் ‘இனிமேல் இது எங்களால் ஆகாது’ என்று கையை விரித்தன. பாலிசி இல்லாத கட்டடத்துக்குக் கடன் தர பேங்குகள் யோசித்தன. எல்லோரும் வாஷிங்டன் வாசலில் போய் நின்றார்கள்.

அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. புயலுக்கு நூறு வருஷக் கணக்கு உண்டு. அதை வைத்து விலை போடலாம். குண்டு வைக்கிறவன் கணக்குப் பார்த்தா வைக்கிறான்? அதனால் அரசாங்கம் கடைசி ஆளாகப் பின்னால் நிற்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. சும்மா நிற்பதில்தான் ஆட்சேபணை.

2002 நவம்பரில் சட்டம் வந்தது. தற்காலிக ஏற்பாடு, மூன்றே வருஷம் என்றார்கள். 2005, 2007, 2015, 2019 என்று நான்கு முறை நீட்டித்தாயிற்று. கடைசி நீட்டிப்பின்படி கெடு 2027 டிசம்பர் 31. பிளாட்பாரத்தில் ‘தற்காலிகமாக’ப் போட்ட கொட்டகை எதையாவது யாராவது பிரித்துப் பார்த்திருக்கிறீர்களா?

ஏற்பாடு இதுதான்: வருஷத்தில் மொத்த நஷ்டம் 20 கோடி டாலரைத் தாண்டினால் அரசு உள்ளே வரும். ஒவ்வொரு கம்பெனியும் முந்தைய வருஷ பிரீமியத்தில் 20 சதவிகிதம் அளவுக்குத் தானே தாங்க வேண்டும். அதற்கு மேல் போனால் 80 சதவிகிதம் அரசாங்கம். மொத்த உச்சவரம்பு 10,000 கோடி டாலர். இந்த ஜாமீனுக்கு முன்கூட்டியே கம்பெனிகள் கட்டும் கட்டணம் எவ்வளவு தெரியுமா? பூஜ்யம். வாடிக்கையாளரிடம் வாங்கும் பிரீமியம் மட்டும் அவர்களுக்கே.

‘கொடுத்ததைத் திருப்பி வசூலித்துவிடுவோமே’ என்பார்கள். வசூலிப்பது யாரிடம்? கம்பெனியிடம் இல்லை, வியாபார பாலிசி எடுத்த அத்தனை பேரிடமும், கூடுதல் கட்டணமாக. அதிலும் ஒரு சூட்சுமம். கம்பெனிகள் மொத்தமாகத் தாங்கவேண்டிய ஓர் அளவு சட்டத்தில் உண்டு. அதை எட்டும்வரைதான் கட்டாய வசூல். அதைத் தாண்டியது நிதியமைச்சரின் விருப்பம். அதாவது, சின்ன நஷ்டம் என்றால் பணம் நிச்சயம் திரும்பும். ஊரே நாசமாகும் நஷ்டம் என்றால் ‘பார்க்கலாம்’!

வேறு வழியே இல்லையா? லண்டனைப் பாருங்கள். 1992 ஏப்ரலில் ஐ.ஆர்.ஏ. வைத்த குண்டில் பால்டிக் எக்ஸ்சேஞ்ச் சிதைந்தது. அடுத்த வருஷமே ‘பூல் ரீ’ என்று ஓர் அமைப்பு வந்தது. அங்கேயும் அரசு ஜாமீன் உண்டு, வரம்பே இல்லாமல். ஆனால் கம்பெனிகள் முதல் நாளிலிருந்து பிரீமியத்தைப் பொது நிதியில் போட்டாக வேண்டும். ஜாமீனுக்காக அரசுக்குத் தனிக் கட்டணம். நிதி வற்றினால் அரசு தருவதும் கடன்தான். மூன்று பத்தாண்டுக்கு மேலாகியும் வரி கட்டுகிறவன் பணத்தை அவர்கள் தொடவேயில்லை.

மச்சினன் கடனுக்கு ஜாமீன் போட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்! அவர்களிடம் கேளுங்கள், அந்தக் கையெழுத்துக்கு விலை உண்டா இல்லையா என்று.

இன்னொன்று. 2008 நவம்பரில் தாஜ் ஓட்டலுக்கு பாலிசி இருந்தது. அதே ராத்திரி சி.எஸ்.டி. ஸ்டேஷனில் மூட்டை முடிச்சோடு ரயிலுக்குக் காத்திருந்து செத்தவர்களில் எத்தனை பேரிடம் பாலிசி இருந்திருக்கும்? அவர்கள் குடும்பங்களுக்கு நஷ்டஈடு கொடுத்தது ரயில்வேயும் அரசாங்கமும், நம் பணத்தில். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஸ்டார் ஓட்டல்காரரும் ஷாப்பிங் மால்காரரும் அதே வரிசையில், கையில் டோக்கன்கூட இல்லாமல் வந்து நின்றால்தான் கோபம் வருகிறது.

நாளைக்கு டெல்லியில் யாராவது, நம் உண்டியலுக்கும் அரசாங்க ஜாமீன் வேண்டும் என்று கிளம்பலாம். கிளம்பட்டும். ஜாமீனுக்கு வருஷா வருஷம் எவ்வளவு கட்டுவீர்கள் என்று முதலில் எழுதித் தரச் சொல்லுங்கள். நீங்களும் நானும் அந்தப் பொடி எழுத்து வரிக்கு ஏற்கெனவே கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம்.