கடல் பக்கத்து வாசல்



நம் அலுவலகம் இருக்கும் இடத்துக்குப் பெயர் வடபழனி. பெயரில்தான் பழனி, ஏறுவதற்கு ஒரு மேடு கிடையாது. ஆற்காடு சாலையில் அண்ணாந்து பார்க்க முருகன் கோயில் கோபுரத்தை விட்டால் மெட்ரோ தூண்கள்தான். கடலும் கிடையாது. இப்படி மலையும் கடலும் இல்லாத ஊரில் உட்கார்ந்து மெய்ப்பு திருத்திக்கொண்டிருப்பவனுக்கு, மேற்கு மாம்பலத்து வாசகி ஒருவர் போன மாதம் ஒரு படம் அனுப்பியிருந்தார். மகளோடு கார்சிகா தீவுக்குப் போய் வந்தாராம். ஊரின் பெயர் பொனிஃபாசியோ. வெள்ளைச் சுண்ணாம்புப் பாறையின் விளிம்பில், வாசல் தாண்டினால் கடல் என்பதுபோல வரிசையாக வீடுகள். பாறை இடுக்கில் ஒதுங்கிய துறைமுகம். பாய்மரப் படகில் போய் இறங்கினார்களாம். கடிதத்தின் கடைசி வரியில் ஒரு கேள்வி: "மத்தியதரைக் கடல்லதான் இப்படி ஊர் இருக்குமா சார், நம்ம பக்கத்துல கிடையாதா?"

இருக்கிறது அம்மா. திருகோணமலை.

போன ஆடியில் அங்கே போயிருந்தேன். 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே மறுபடி கப்பல் விட்டார்கள் அல்லவா, அதில் போய் இறங்கி, அங்கிருந்து பஸ். முதல் நாள் எல்லோரையும்போலத் தரைவழியாகத்தான் கோணேசர் மலைக்குப் போனேன். கோயிலுக்குப் போக வேண்டுமென்றால் முதலில் பிரெடெரிக் கோட்டைக்குள் நுழைய வேண்டும். உள்ளே இன்றும் இராணுவம் இருக்கிறது. சிப்பாய்கள் ஒருபக்கம் நிற்க, புள்ளிமான்கள் யாரையும் சட்டை செய்யாமல் புல் மேய்கின்றன. அதைத் தாண்டிக் கடை வீதி, ஏற்றம், செருப்பு விடுமிடம், தரிசனம். இராவணன் வெட்டு என்று சொல்லும் பாறைப் பிளவை எட்டிப் பார்த்துத் தலை சுற்றி, ஒரு தேநீர் குடித்துவிட்டு இறங்கிவிட்டேன். நல்ல கோயில். ஆனால் எதையோ பின்பக்கமாக வந்து பார்த்துவிட்டுப் போகிற மாதிரி ஒரு குறை.

குறை தீர்ந்தது மறுநாள் காலையில். உப்புவெளிக் கரையில் சிறிய இரட்டை உடல் பாய்மரப் படகு ஒன்று வாடகைக்குக் கிடைத்தது. ஓட்டிய தம்பிக்கு இருபத்தைந்து வயதிருக்கும். நான் விளிம்பைப் பிடித்துக்கொண்ட விதத்தைப் பார்த்துவிட்டு, "பயப்பிடாதேங்கோ ஐயா, கச்சான் காத்துத்தான் அடிக்குது. கரையோட கடல் எழும்பாது" என்றான். கச்சான் என்பது தரையிலிருந்து கடல் நோக்கி வீசும் மேல்காற்று. நம் மேற்குக் கரையில் தென்மேற்குப் பருவமழை கொட்டும் மாதங்களில் இலங்கையின் கிழக்குக் கரை குளம்போலக் கிடக்கும். மேற்குக்கு மழைக்காலம், கிழக்குக்குப் படகுக்காலம். ஐப்பசி, கார்த்திகையில் வாடை பிறந்தால் எல்லாம் தலைகீழ்.

தெற்கு நோக்கிப் போனோம். பாய் இழுத்துப் பிடித்ததும் பேச்சு நின்றுவிட்டது. எஞ்சின் சத்தம் இல்லாததால் நீர் கிழியும் ஓசை மட்டும். பாயின் அடிக்கழி ஒருமுறை திரும்பி என் தலையில் தட்டியது. (குனியச் சொன்னான், எனக்குத்தான் காது கேட்கவில்லை.) நிமிர்ந்தபோது கோணேசர் மலை முழுதாக எதிரே நின்றது.

தரையிலிருந்து போனால் அது ஒரு ஏற்றம். கடலிலிருந்து பார்த்தால் நேர்குத்தாக எழும் சுவர். அலையடிக்கும் அடிப்பாறை கறுப்பு, அதற்கு மேல் செம்பழுப்பு, இடுக்குகளில் பச்சை, எல்லாவற்றுக்கும் மேலே, கழுத்து வலிக்கும் உயரத்தில், கோயில். முந்நூறு அடிக்கு மேல் இருக்கும். இந்த மலைக்கு முகம் கடலைப் பார்த்துத்தான் இருக்கிறது. நேற்று நான் நுழைந்தது கொல்லைப்புறம்.

கடல்பக்கமாகப் பார்த்தவர்கள் பழையவர்கள். ஏழாம் நூற்றாண்டில் ஞானசம்பந்தர் இந்தத் தலத்தைப் பாடியது இராமேசுவரத்தில் இருந்தபடியே என்கிறது பெரியபுராணம். அந்தப் பதிகத்தைப் படித்துப் பாருங்கள்: கடல் ஒலி அடங்கவே அடங்காது. அலை முத்துகளைக் கொண்டுவந்து கரையில் போட்டுக்கொண்டே இருக்கும். அருணகிரிநாதரின் திருப்புகழிலும் திருகோணமலை உண்டு. நம் தெருமுனைக் கோயில் முருகனுக்கும் அது பழக்கமான ஊர்தான்.

1622-இல் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா கோயிலை இடித்தார். மலையடியில் ஒன்று, நடுவில் ஒன்று, உச்சியில் ஒன்று என மூன்று கோயில்கள் இருந்ததாக அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். இடித்த கல்லைக் கொண்டே கோட்டை கட்டினார்கள். கோட்டை வாசல் கல்லில் பாண்டியரின் இரட்டைக் கயல் இன்னும் இருக்கிறது. நானே தடவிப் பார்த்தேன். பிறகு டச்சுக்காரர், ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர் என்று மாறி மாறிப் பிடித்தார்கள். 1782-இல் மட்டும் ஒரே ஆண்டில் இரண்டு கை மாறியது. இந்த அடிபிடிக்கெல்லாம் காரணம் மலை இல்லை, அதற்கு அந்தப் பக்கம் ஒளிந்திருக்கும் உள்துறைமுகம். எந்தப் புயலும் தொட முடியாத ஆழமான நீர். பிரிட்டிஷ் கடற்படை 1957 வரை அதை விட்டுப் போக மனமில்லாமல் இருந்தது.

கோயில் இல்லாத முந்நூறு ஆண்டுகளிலும் வழிபாடு நிற்கவில்லை. மலை விளிம்பில் நின்று தேங்காயும் பூவும் வெற்றிலையும் கடலில் இட்டு வணங்கினார்கள். இதை வெள்ளைக்காரர்கள் வியப்போடு குறித்திருக்கிறார்கள். எனக்கு வியப்பாக இல்லை. சாமி எங்கே இருந்தார் என்று கும்பிட்டவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. 1950-இல் கிணறு தோண்டியபோது சோமாஸ்கந்தர் உள்ளிட்ட செப்புத் திருமேனிகள் மண்ணிலிருந்து வெளியே வந்தன. 1956-இல் ஆர்தர் சி. கிளார்க்கின் கூட்டாளி மைக் வில்சன் இந்தப் பாறையடியில் மூழ்கிப் பார்த்தபோது, செதுக்கிய தூண்களும் ஒரு லிங்கமும் கடலடியில் கிடந்தன. விண்வெளிக் கதை எழுதுபவரின் கூட்டாளி கண்ணில் நம் பழங்கோயில் பட்டது ஒரு வேடிக்கைதான். திரும்பக் கட்டிய கோயிலுக்கு 1963-இல் குடமுழுக்கு.

தம்பி பாயைத் தளர்த்திப் படகை நிறுத்தினான். "இதுக்குக் கீழதான் ஐயா தூணெல்லாம் கிடக்குது" என்று கையால் நீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். நானும் தொட்டேன். மேலே கைப்பிடிச் சுவரோரம் நின்ற கூட்டம் கைப்பேசியால் எங்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. நேற்று அதே இடத்தில் நின்று நானும் ஏதோ ஒரு படகைப் படம் எடுத்திருந்தேன்.

திரும்பும் வழியில் வல்வெட்டித்துறையில் ஒரு நாள் தங்கினேன். ரங்கூன், கொச்சி, நாகப்பட்டினம் என்று பாய்க்கப்பல் ஓட்டிய ஊர். அங்கே வேப்பமரத்தில் கட்டிய 'அன்னபூரணி' என்ற கப்பலை வில்லியம் ராபின்சன் என்ற அமெரிக்கர் விலைக்கு வாங்கி, தன் மனைவி பெயரைச் சூட்டினார். வல்வெட்டித்துறைத் தமிழர் ஐந்து பேர் மாலுமிகளாகப் போக, சூயஸ் வழியாக மத்தியதரைக் கடலுக்குள் நுழைந்து, ஜிப்ரால்டர் தாண்டி, அட்லாண்டிக்கைக் கடந்து, 1938 ஆகஸ்டில் மாசசூசெட்ஸின் குளோஸ்டர் துறையில் நங்கூரம் போட்டது அந்தக் கப்பல். மாம்பலத்து அம்மா பார்த்ததுபோன்ற மலைக்கோட்டை ஊர்கள் எத்தனை அந்த ஐவரின் கண்ணில் பட்டிருக்கும்! கோணேசர் மலையைக் கடலிலிருந்து பார்த்துப் பழகிய ஊர்க்காரர்களுக்கு அவை பெரிதாகத் தோன்றியிருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்.

அம்மா, நீங்கள் போவதானால் சித்திரைக்கும் ஆவணிக்கும் இடையில் போங்கள். காலைக் காற்றில் கிளம்புங்கள். கழி திரும்பும்போது குனியுங்கள்.

இன்னொன்று. அன்னபூரணியில் போனவர்களின் பேரன் பேத்திகள் இந்தியாவிலோ இலங்கையிலோ கனடாவிலோ இந்தப் பக்கத்தைப் படிக்கக்கூடும். உங்கள் வீட்டுச் சுவரில் அந்தக் கப்பல் படம் தொங்கினால், தாத்தா எழுதிய கடிதம் ஏதாவது டிரங்குப் பெட்டியில் கிடந்தால், எங்களுக்கு எழுதுங்கள். தீபாவளி மலரில் எட்டுப் பக்கம் காலியாக வைத்திருக்கிறேன். அசலை அனுப்ப வேண்டாம். கைப்பேசியில் ஒரு படம் எடுத்து அனுப்பினால் போதும்.

அன்புடன்,
ஆசிரியர்