பழைய கணினியும் புதிய பூட்டும்



1982-இல் அமெரிக்காவில் வெளிவந்த 'கமோடோர் 64' என்னும் கணினியின் நினைவகம் 64 கிலோபைட் மட்டுமே. இன்று கைப்பேசியில் எடுக்கும் புகைப்படம் ஒன்றைக்கூட அது தாங்காது. ஆயினும் அதனை இன்றைய இணையத்தோடு இணைத்துக் காட்டுவோர் உள்ளனர்.

இணையத்தின் அடிப்படை விதிகளும் அக்கணினியின் வயதினவே என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. அமெரிக்காவின் 'அர்ப்பாநெட்' வலையமைப்பு 1983 ஜனவரி முதல் நாளன்று அவ்விதிகளுக்கு மாறிற்று. அவையே இன்றும் வழக்கில் உள்ளன. 2003-இல் சுவீடன் நாட்டு ஆடம் டங்கெல்ஸ் உருவாக்கிய 'கான்டிகி' மென்பொருள் கமோடோரிலும் இயங்கியது.

இணைக்கும் முறையும் சுவையானது. விரலளவுச் சில்லு ஒன்று வீட்டு வைஃபையோடு பேசும். கணினியிடமோ தன்னை அக்காலத் தொலைபேசி மோடமாகக் காட்டிக்கொள்ளும். தொலைபேசி எண்ணை இட வேண்டிய இடத்தில் இணைய முகவரியை இட்டால் போதும். கணினி எதையும் ஐயுறாது!

தடை வேறிடத்தில் உள்ளது. இன்று பெரும்பாலான இணையத்தளங்கள் மறைகுறியாக்கம் என்னும் பூட்டுடனேயே திறக்கின்றன. அதற்குரிய பேரெண் கணக்கைப் பழைய கணினி போட்டு முடிக்குமுன் மறுமுனை இணைப்பைத் துண்டித்துவிடும். ஆகவே இடையில் வேறொரு கணினியை அமர்த்துகின்றனர். அது பூட்டைத் திறந்து, செய்தியை வெற்றெழுத்தாக மாற்றித் தருகிறது. எனவே, நாம் அனுப்புவது அனைத்தும் அதற்குத் தெரியும். அது நம் வீட்டிலேயே இருப்பின் அச்சம் குறைவு. முன்பின் அறியாதவருடையதாயின், கடவுச்சொல் என்னும் அமானிதத்தை அவர் கையில் ஒப்படைத்தவர்களாவோம்.

நம் இல்லங்களின் பரண்களில் கமோடோர் இராது. 'விண்டோஸ் எக்ஸ்பி' கணினி இருக்கலாம். என் கருத்தில் கமோடோரைவிட இதுவே ஆபத்தானது. கமோடோரைத் தாக்க இன்று எவரும் மெனக்கெடுவதில்லை. எக்ஸ்பியின் பலவீனங்களோ திருடர்கள் நன்கறிந்தவை. 2014 ஏப்ரல் 8-உடன் அதற்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. 2017 மே மாதம் 'வான்னாகிரை' என்னும் தீநிரல் உலகெங்கும் பரவியபோது, விதிவிலக்காக ஒரு திருத்தம் வெளியிட்டது.

அத்தகைய கணினியில் குடும்பப் படங்களோ கணக்குகளோ இருப்பின், இணைய இணைப்பு ஏதும் தராமல் பென்டிரைவில் நகலெடுங்கள். புதிய கணினியில் திறக்குமுன் வைரஸ் சோதனை செய்துவிடுங்கள்.