நின்ற யந்திரமும் நிறுத்திய யந்திரமும்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத் தொழிற்சாலைகளுக்கு நம் அங்கத்தினர் வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் நாள்தோறும் பேருந்தேறிச் செல்லுகின்றனர். தறியையும் நிலத்தையும் நன்கறிந்த பெற்றோர், அங்குள்ள யந்திரத்தை அறியார். ஆகவே இதனை எழுதத் துணிகிறோம்.

2010ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள், ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா கைபேசித் தொழிற்சாலையில், பலகைகளை ஏற்றும் யந்திரத்தில் சிக்கி ஓர் இளம் பெண் தொழிலாளி உயிரிழந்தார். அத்தொழிற்சாலை 2014இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. ஆனால் அடுக்கி ஏற்றும் யந்திரங்கள் பிற ஆலைகளில் இன்றும் ஓடுகின்றன.

இத்தகைய விபத்து நேர்ந்தால் தொழிலாளியின் கவனக்குறைவு என்று சொல்லிவிடுவது வழக்கம். நாம் அதனை ஒப்பவில்லை. கைத்தறியில் இழை அறுந்தால் நெசவாளர் மிதியிலிருந்து காலை எடுத்தால் போதும், தறி நின்றுவிடும். அவர் மிதித்தாலன்றி அது அசையாது. அடுக்கு யந்திரமோ அப்படியன்று. பலகை ஒன்று சிக்கினால் அது அசையாமல் நிற்கும். மின்சாரம் மட்டும் போகாது. சிக்கலை எடுத்த கணமே அடுக்கு மறுபடியும் ஏறும் அல்லது இறங்கும். நின்ற யந்திரம் வேறு, நிறுத்திய யந்திரம் வேறு. கதவைத் திறந்தால் ஓட்டம் நிற்கும்படியான அமைப்பு இதற்காகவே உண்டு. உற்பத்தி குறையுமென்று அதனைக் கட்டிப்போடுகிறவரையன்றோ கவனமற்றவர் எனல் வேண்டும்!

அபாயமான பாகங்களுக்கு வேலியிடுவது ஆலையை நடத்துவோர் கடமை என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே விதித்தது. கதிரடிக்கும் யந்திரத்தில் கையிழந்த உழவர் பலராகவே, 1983இல் அதற்கும் தனிச் சட்டம் வந்தது.

பிறரைச் சொல்லுமுன் நம்மையும் பார்க்க வேண்டும். சங்கத்து அரவை ஆலைக்குத் தணிக்கைக்குச் சென்றபொழுதெல்லாம் பேரேட்டைப் புரட்டினோம். மூடியின்றிச் சுழன்ற வாரைக் கண்டும் குறிப்பெழுதாமல் திரும்பினோம். அது எம் பிழையே. இனி யந்திரத்தினுள் கை நீட்டுமுன் மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்ட வேண்டும். சாவியைக் கை நீட்டுகிறவரே தம் மடியில் வைத்துக்கொள்ள வேண்டும், மேஸ்திரியிடம் கொடுத்தலாகாது. ஐந்து நிமிட வேலை கெடுமே என்பர் சில நிர்வாகிகள். கெடட்டும். அடுத்த தணிக்கைக்கு வரும்பொழுது, பேரேட்டோடு அந்தப் பூட்டையும் காட்டும்படி கேட்போம்.