சிரப்புக்கும் அடங்காத இருமலா? வயிறும் காரணமாக இருக்கலாம்!

தி.நகரில் ஷாப்பிங் முடித்துவிட்டு இரவு 10 மணிக்குப் பரோட்டா, சால்னா. கடைசியாக ஒரு ஃபில்டர் காபி. வீடு திரும்பியதும் படுக்கை. சற்று நேரத்தில் 'லொக் லொக்' என்று வறட்டு இருமல். சளி இல்லை, காய்ச்சல் இல்லை. சிரப் பாட்டில் காலியானாலும் இருமல் மட்டும் போகவில்லை. இப்படிப்பட்டவர்கள் வயிற்றையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

வயிற்றுக்கும் இருமலுக்கும் என்ன தொடர்பு?

உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் ஒரு சுருக்குத் தசை இருக்கிறது. சாப்பாடு உள்ளே போனதும் கதவுபோல மூடிக்கொள்ளும். இது தளர்ந்தால் அமிலம் மேலே எதுக்களிக்கும். அது தொண்டையைத் தொட்டால் இருமல் வரும். தொண்டை வரை வராவிட்டாலும், உணவுக்குழாய்க்கும் மூச்சுக்குழாய்க்கும் பொதுவான வேகஸ் நரம்பு இருமலைத் தூண்டிவிடலாம். அதனால்தான் நெஞ்செரிச்சலே இல்லாத சிலருக்கும் இந்த இருமல் வருகிறது.

அறிகுறிகள் என்னென்ன?

சாப்பிட்டதும், குனிந்தால், படுத்தால் இருமல் அதிகமாவது, புளித்த ஏப்பம், காலையில் குரல் கம்முவது, தொண்டையில் ஏதோ அடைத்த உணர்வு.

'எல்லாம் கேஸ்தான்' என்று இருக்கலாமா?

கூடாது. இருமல் 2 வாரங்களைத் தாண்டினால் முதலில் காசநோய்ப் பரிசோதனை அவசியம். அரசு மருத்துவமனைகளில் இது இலவசம். ஆஸ்துமா, மூக்கிலிருந்து தொண்டைக்குச் சளி இறங்குவது ஆகியவையும் காரணமாகலாம். ராமிப்ரில், எனலாப்ரில் போன்ற பிரஷர் மாத்திரைகளும் சிலருக்கு வறட்டு இருமலைத் தரும். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். டாக்டரிடம் சொன்னால் மாற்றித் தருவார்.

என்ன செய்யலாம்?

* இரவுச் சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் 3 மணி நேர இடைவெளி விடுங்கள்.
* கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் கட்டை வைத்து 6 முதல் 8 அங்குலம் உயர்த்துங்கள். தலையணைகளை அடுக்கினால் வயிறு மடங்கி அழுத்தம்தான் கூடும்.
* எண்ணெய்ப் பலகாரம், காபி, சாக்லேட் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் குறையுங்கள். புகைப்பழக்கத்தை விடுங்கள். உடல் எடை அதிகம் என்றால் குறைப்பதும் பலன் தரும்.
* மெடிக்கல் ஷாப்பில் நீங்களே கேஸ் மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். நெஞ்செரிச்சல் இல்லாதவர்களுக்கு அந்த மாத்திரை மட்டுமே இருமலை நிறுத்திவிடாது.

அமிலம்தான் காரணம் என்றாலும், இருமல் அடங்க 2, 3 மாதங்கள்கூட ஆகலாம். பொறுமை தேவை. ஆனால் இருமலில் ரத்தம், மூச்சுத்திணறல், எடை குறைவது, விழுங்குவதில் சிரமம்... இதில் எது இருந்தாலும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் டாக்டரைப் பாருங்கள்.